வழிகாட்டி இல்லாமல் வேட்டைக்குப் போகிற அண்ணனுக்கு

அண்ணா,

இது அப்பா உனக்கு எழுத வேண்டிய கடிதம். தூரத்தில் இருக்கிற பிள்ளைக்கு இதைச் செய், இதைச் செய்யாதே என்று நீளமாக எழுதுவது பெற்றவர்களின் வேலை. ஆனால் நீ போகப்போவது அப்பாவுக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. என்னிடம் மட்டும் சொல்லிவிட்டு, "வீட்ல மூச்சு விட்ராத" என்றும் சொல்லிவிட்டாய். அதனால் பிளஸ் ஒன் படிக்கிற நான் அவர்களுடைய வேலையை ராத்திரியில் ஒளிந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்பாவுக்கு மில்லில் நைட் ஷிப்ட். அம்மா பக்கத்து அறையில் தூங்குகிறாள். வெளிச்சம் போகக் கூடாதென்று மேஜை விளக்கின்மேல் துண்டைப் போட்டிருக்கிறேன். எழுதி முடித்ததும் படம் எடுத்து அனுப்புவேன். போனில் பேசினால் நீ சிரித்தே என் வாயை அடைத்துவிடுகிறாய். இதை நீ கடைசி வரைக்கும் படித்துத்தான் ஆக வேண்டும்.

போன வாரம் நீ கூப்பிட்டபோது நான் என்ன சந்தோஷத்தில் இருந்தேன் தெரியுமா? அம்மாவிடம் "ஆபீஸ்ல எல்லாரும் சேர்ந்து டூர் போறோம்மா" என்று சொல்லிவிட்டு, "போனைப் பாப்பாட்ட குடு" என்றாய். நான் மொட்டை மாடிக்கு ஓடினேன். "ஏட்டி, உனக்கு மட்டும் ஒரு விஷயம் சொல்லுதேன்" என்று ஆரம்பித்தாய். எல்க் என்று ஒரு மான் இருக்கிறது, நம் மலையில் இருக்கிற மிளா மானுக்குப் பெரியப்பா மாதிரி என்றாய். கொலராடோவில் அதற்கு வேட்டைக் காலம் உண்டு, வகுப்பில் உட்கார்ந்து தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்கிவிட்டேன் என்றாய். உன் ஆபீஸ் நண்பன், டைலர் என்று பேர், உனக்குத் துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுத்திருக்கிறான், நீங்கள் இரண்டு பேரும் ரோடு முடிகிற இடத்திலிருந்து ஒருநாள் முழுக்க நடந்து உள்ளே போய்க் கூடாரம் போடப்போகிறீர்கள். அதுவரைக்கும் நான் சினிமா பார்ப்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் போகிற போக்கில் சொன்னாய், டைலருக்கு லீவு இல்லை, ரெண்டு நாளில் திரும்பிவிடுவான் என்று.

"பொறவு?"

"பொறவு என்ன? மூணு நாள் நான் மட்டுந்தான். செம அமைதியா இருக்கும்."

"வழி காட்டுறதுக்கு ஆளு?"

"ஆளை வச்சுப் போனா அதுக்குப் பேரு வேட்டை இல்ல பாப்பா. கோயில்ல ஸ்பெஷல் டிக்கெட் எடுத்துப் போற மாதிரி அது."

அத்தோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒரு நம்பரையும், கூடாரம் போடுகிற இடத்தையும் அனுப்பினாய். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் "வெளியே வந்துட்டேன்" என்று உன்னிடமிருந்து மெசேஜ் வராவிட்டால் அந்த நம்பருக்குக் கூப்பிட்டு, கூடாரம் எங்கே இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டுமாம். அது ஷெரீஃப் ஆபீஸ், அதாவது அந்த ஊர்ப் போலீஸ் நம்பர். "உன்னத்தான் நம்பிப் போறேன்" என்றாய். அந்த நிமிஷம் எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணன் என்னைப் பெரிய மனுஷியாக நினைக்கிறானே என்று பெருமையாக இருந்தது. கீழே வந்து சாப்பிட உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது; பாதிச் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

நீ என்ன யோசித்து என்னைத் தேர்ந்தெடுத்தாய் என்று எனக்கு விளங்கவே இல்லை. எனக்குச் சொந்தமாகப் போன் கிடையாது. இருப்பது அம்மாவின் போன். அதில் நெட்டை எப்போதும் அணைத்துத்தான் வைப்பாள், "சூடாகுது" என்று காரணம் சொல்லுவாள். உன் வெள்ளிக்கிழமை சாயங்காலம் எனக்குச் சனிக்கிழமை காலை, அதுவும் புரட்டாசிச் சனிக்கிழமை. அன்றைக்கு அம்மா விடிவதற்கு முன்னால் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய், அங்கே குன்றின்மேல் இருக்கிற திருவண்ணாமலைப் பெருமாளைப் பார்க்கப் படி ஏறிக்கொண்டிருப்பாள். உனக்காகத்தான் போகிறாள், நீ அமெரிக்கா போன வருஷத்திலிருந்து ஒரு சனிக்கிழமைகூட விட்டதில்லை. போன் அவள் பையில் தேங்காய் பழத்துக்கு அடியில் கிடக்கும். சனிக்கிழமை எனக்கு ஸ்பெஷல் கிளாஸ். போன் கையில் கிடைத்து, அதில் வெளிநாட்டுக்குப் பேசப் பணமும் இருந்தால், நான் இங்கிலீஷில் என்ன சொல்ல வேண்டும்? குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சொல்லிப் பார்த்தேன் அண்ணா. என் அண்ணன் காட்டுக்குள் போனான், இன்னும் வரவில்லை. இரண்டு வாக்கியம்தான். இரண்டாவது வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.

நான் பயந்தாங்கொள்ளி என்று சொல்லுவாய். சொல்லிக்கொள். ஆனால் ஒன்றும் தெரியாமல் எழுதுகிறேன் என்று நினைக்காதே. இந்த ஒரு வாரமாக அம்மா குளிக்கப் போகும்போதும் சமைக்கும்போதும் சத்தத்தைக் குறைத்து வைத்து அந்த வேட்டை வீடியோக்களைத்தான் பார்க்கிறேன். உன் பக்கம் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. வழிகாட்டியை வைத்துப் போகிறவர்கள் அவர் நட என்றால் நடக்கிறார்கள், குனி என்றால் குனிகிறார்கள், சுடு என்றால் சுடுகிறார்கள். அதில் அவர்களுடையது விரல் மட்டும்தான். தாங்களாகப் போகிறவர்கள் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பொடியைத் தூவிப் பார்க்கிறார்கள், காலடித் தடத்தைத் தொட்டுப் பார்க்கிறார்கள், தப்பாகப் போய்த் திரும்பி வருகிறார்கள். அந்த மலை அவர்களுக்குத் தெரிய ஆரம்பிக்கிறது. நாள் முழுக்க ஆபீஸில் யாரோ கொடுத்த வேலையை யாரோ சொன்ன மாதிரி செய்கிற உனக்கு அது ஏன் பிடிக்கிறது என்று எனக்குப் புரிகிறது. இன்னொன்றும் கவனித்தேன். வழிகாட்டி இருந்தால், காசு கொடுத்தவருக்கு மான் காட்டியாக வேண்டுமே என்று அவர் இன்னும் ஒரு மேடு, இன்னும் ஒரு மேடு என்று இழுத்துக்கொண்டு போகிறார். தனியாகப் போகிறவன், முடியவில்லை, போதும் என்று எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம். இது நல்லதுதான். ஆனால் அது திரும்பத் தெரிந்தவனுக்கு. உனக்குத் திரும்பத் தெரியுமா?

சிப்பாயை ஞாபகம் இருக்கிறதா? இருக்காமல் என்ன. அப்பா பட்டாளத்திலிருந்து பென்ஷனில் வந்ததும் முதலில் வாங்கியது அந்த நாய்க்குட்டியைத்தான். நம் ராஜபாளையத்தில் வீடு கட்டுகிறவனுக்கு வாசலில் சுத்த வெள்ளையாக, மூக்குக்கூட ரோஸ் நிறத்தில் ஒரு நாய் நின்றால்தான் கௌரவம். அப்படி ஒரு புள்ளிகூட இல்லாத வெள்ளைக் குட்டிகளில் பல செவிடாகப் பிறக்கும் என்பது ஊரில் நாய் வளர்க்கிற எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் எல்லோரும் அந்தக் குட்டிக்குத்தான் போட்டி போடுவார்கள், தன் குட்டிக்கு மட்டும் காது கேட்கும் என்று. நம் சிப்பாய், அடுப்படியில் குக்கர் விசில் அடித்தாலும் பக்கத்திலேயே தூங்கும். "இதுக்குக் காது கேக்கலங்க" என்று அம்மா சொன்னபோது அப்பா, "அதெல்லாம் ஒண்ணுமில்ல, திமிரு" என்றார். நீயும் அதையே சொன்னாய். நீ விசிலடித்துக்கொண்டே கையை ஆட்டுவாய், அது உன் கையைப் பார்த்து ஓடி வரும். விசிலுக்குத்தான் வருகிறது என்று தெருவுக்கே காட்டினாய். தெருவும் நம்பியது. நாமும் நம்பிவிட்டோம்.

அய்யனார் கோயில் பக்கம் மலையடியில் இருக்கிற மாமாவின் மாந்தோப்புக்கு நாம் போன அன்றைக்குத் தோப்புக்குள் காட்டுப்பன்றி வந்தது. சிப்பாய் அதைத் துரத்திக்கொண்டு வேலியைத் தாண்டி ஓடியது. நீ விசில் அடித்தாய். பிறகு கத்தினாய். முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுகிற செவிட்டு நாய்க்கு உன் கை எப்படித் தெரியும்? கூப்பிட்டால் வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று நீ பின்னாலேயே போனாய். வனத்துறை எல்லைக் கல்லையும் தாண்டிப் போனாய். போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏட்டி, அப்பாட்ட சொல்லிராத, செத்த நேரத்துல வாரேன்" என்றாய். எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். வெயில் சாய்ந்த பிறகு சிப்பாய் மட்டும் வாயில் நுரை தள்ளத் தோப்புக்குத் திரும்பி வந்தது. மோப்பம் பிடித்து அது வந்துவிட்டது. அதைத் தேடிப் போன நீ வரவில்லை. நான் நேராகப் போய் அப்பாவிடம் சொன்னேன். அப்பாவும் மாமாவும் வனக்காவலரும் டார்ச் எடுத்துக்கொண்டு போய், ஓடைக்கு அந்தப் பக்கம் பாறைமேல் கால் பிசகி உட்கார்ந்திருந்த உன்னைத் தூக்கி வந்தார்கள். வந்ததும் நீ சொன்ன முதல் வார்த்தை, "நான் ஒண்ணும் வழி தவறல. நாயத் தேடிட்டு இருந்தேன்." ரெண்டாவது வார்த்தை என்னைப் பார்த்து: "காட்டிக்குடுத்துட்டியா, சி.ஐ.டி?"

மறுநாள் அப்பா உன்னைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் வனத்துறை ஆபீசுக்குப் போய் நின்றார். நானும் போயிருந்தேன். எல்லைக்குள் போனது குற்றம், அதிலும் நாயோடு போனது பெரிய குற்றம் என்று அந்த அதிகாரி சத்தம் போட்டார். யாருக்கும் கையைக் கட்டி நிற்காத அப்பா அன்றைக்குக் கையைக் கட்டி, "பையன் தெரியாமப் பண்ணிட்டான் சார், இனி நடக்காது" என்றார். நீ சுவரில் ஒட்டியிருந்த சாம்பல் அணில் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். திரும்பி வருகிற பஸ்ஸில் அப்பா உன்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. நீயும் என்னோடு மாதக்கணக்கில் பேசவில்லை. தெருவில் உன் கூட்டாளிகள் என்னைப் பார்த்தாலே "ஏலே, சி.ஐ.டி வருது, பேச்ச நிப்பாட்டுங்க" என்பார்கள். உன்னை உயிரோடு கொண்டுவந்ததற்கு எனக்குக் கிடைத்த பரிசு அது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அன்றைக்கு உனக்குத் துணிச்சல் குறையவில்லை, காலில் பலம் குறையவில்லை. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் யாராவது இருக்கிறார்களா என்று மட்டும் நீ பார்க்கவில்லை. இப்போதும் அதையேதான் செய்கிறாய். போனில் வரைபடம் இருக்கிறது, சிக்னல் இல்லாவிட்டாலும் செயற்கைக்கோள் வழியாக மெசேஜ் அனுப்புகிற கருவி வாங்கிவிட்டேன் என்கிறாய். சரி. கருவி கூப்பிடும். கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்? பூமியின் இந்தப் பக்கத்தில், தேங்காய் பழத்துக்கு அடியில், நெட்டை அணைத்துவைத்த போன்.

அந்த வீடியோக்களில் எல்லோரும் ஒரே விஷயத்தைச் சொல்கிறார்கள். நடந்து உள்ளே போவது கஷ்டம் இல்லையாம். சுடுவதும் இல்லையாம். மான் விழுந்த பிறகுதான் வேலையே ஆரம்பிக்கிறதாம். குதிரை அளவு உடம்பு. அதை அங்கேயே அறுத்து, பகுதி பகுதியாக முதுகில் கட்டி, ஒருநாள் நடந்து வந்த அதே வழியில் திரும்பத் திரும்பச் சுமக்க வேண்டும். வெயில் ஏறினால் கறி கெட்டுப்போகும், கெட்டுப்போக விட்டால் சட்டப்படி தப்பு. விட்டுவிட்டுப் போனால் கரடி வரும். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் சுமக்கும்போது ஒருவர் காவல் இருக்கலாம். மூன்றாவது நாள், டைலர் போன பிறகு, நீ ஒரு மானைச் சுட்டுவிட்டால் என்ன செய்வாய்? நீ விட்டுவிட்டு வரமாட்டாய். எனக்கு உன்னைத் தெரியும். இன்னும் ஒரு சுமை, இன்னும் ஒரு சுமை என்று இருட்டின பிறகும் நடப்பாய். உன் கால் பிசகப்போவது அப்போதுதான்.

நடுவில் ஒரு வழி இருக்கிறது, அதையும் நீ என்னிடம் சொல்லவில்லை, நானாகத்தான் கண்டுபிடித்தேன். குதிரைக்காரர்கள் சாமானையும் உங்களையும் கொண்டுபோய் ஏற்கனவே போட்டு வைத்த கூடாரத்தில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். வேட்டை முழுக்க உங்களுடையது. யாரும் நட, குனி என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று அந்த மலையைத் தெரிந்த ஒருவருக்குத் தெரியும், சொன்ன நாளில் திரும்ப வந்து ஆளையும் கறியையும் குதிரைமேல் ஏற்றிக்கொண்டு போவார். நீ வராவிட்டால் அவர் தேடுவார். இதில் உன் கௌரவத்துக்கு என்ன குறைச்சல்? எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். மூன்று வழி இருக்கும்போது நீ எடுத்தது யாருக்கும் தெரியாத வழியை. அதைவிட எரிச்சல், பனியில் வருஷக்கணக்கில் இருந்த ஒரு ஆள் நம் வீட்டிலேயே இருக்கிறார், அவரிடம் மறைக்கிறாய். அப்பாவின் இடது கையில் இரண்டு விரலுக்கு உணர்ச்சி இல்லை. கொதிக்கிற பாத்திரத்தை அந்த விரலால்தான் இறக்கி வைப்பார், நாம் சின்னதில் அதை வித்தை என்று நினைத்துக் கைதட்டுவோம். லடாக்கில் ஒரு ராத்திரி கையுறை நனைந்ததால் வந்தது அது. அதைப் பற்றி நீ ஒருநாளாவது கேட்டிருக்கிறாயா? நானும் கேட்டதில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. உனக்கு அங்கே ஏதாவது ஆகிவிடும் என்று பாதி பயம். சொன்னால் மறுபடி என்னோடு பேசாமல் இருந்துவிடுவாய் என்று பாதி. அப்போது பக்கத்து அறையில் இருந்துகொண்டு பேசவில்லை, அதையே தாங்க முடியவில்லை. இப்போது நீ போனை எடுக்காவிட்டால் அவ்வளவுதான். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு வாரம் கணக்குப்பதிவியல் படித்திருக்கிறேன், மாதத் தேர்வில் மார்க் எப்படி வரும் என்று நீயே நினைத்துக்கொள். கேட் சத்தம் கேட்கிறது. அப்பா ஷிப்ட் முடிந்து வந்துவிட்டார். விளக்கை அணைக்கிறேன்.

மேலே உள்ளதை எழுதி ஒருநாள் ஆகிறது. இப்போது பகல், அப்பா தூங்குகிறார். விளக்கை அணைத்துவிட்டு நான் படுக்கவில்லை. எழுதியதை எடுத்துக்கொண்டுபோய், சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்த அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். ஆமாம், மறுபடியும் சொல்லிவிட்டேன். அவர் வாசலில் நின்றபடியே படித்தார். நாய் கதை வந்த இடத்தில் கொஞ்சம் நின்றார். நான் அழத் தயாராக இருந்தேன்.

"ஏட்டி, அது எம்புட்டுப் பெருசு?"

"குதிரை அம்புட்டுப்பா."

"வீடியோ இருக்குன்னியே, காட்டு."

என் கோபத்தைக் கேள். அப்பா திட்டவே இல்லை! அம்மாவின் போனை எடுத்து வந்து காட்டினால், எல்க் கத்துகிற சத்தத்தை இரண்டு தடவை வைத்துக் கேட்கிறார். "நல்ல மலைதான்" என்கிறார். "சரிவு வடக்கப் பாத்து இருக்கு, பனி கரையாது" என்கிறார். எனக்கு இரண்டு பேரையும் ஒரே அறையில் போட்டுப் பூட்டலாம் போல இருந்தது. நான் ஒரு வாரம் சாப்பிடாமல் பயந்தது எதற்கு? அப்புறம் அந்த வரியைக் காட்டினேன், டைலர் ரெண்டு நாளில் திரும்புகிறான் என்ற வரியை. அவர் அதை முதலில் வேகமாகத் தாண்டிவிட்டிருக்கிறார். போனைக் கீழே வைத்துவிட்டார்.

"தனியாவா?"

நான் தலையை ஆட்டினேன். "பட்டாளத்துல மலைமேல எங்கள்ல ஒருத்தனை ஒத்தையில ஒண்ணுக்குப் போகக்கூட விடமாட்டாங்க" என்றார். அந்த விரல்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அம்மா எழுந்து வந்து, "என்ன அப்பனும் மகளும் விடியுமுன்ன?" என்று கேட்டபோது, அப்பா மறைக்கவில்லை. உட்காரவைத்துச் சொன்னார். அம்மா அழுதாள், அதை நான் எழுதப்போவதில்லை. உன்னை இந்தியாவுக்கே திரும்பி வரச்சொல் என்றாள். அப்பா அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. "போகட்டும். அவன் போகணும்னு நெனைக்கதுல தப்பு இல்ல" என்றார். உனக்கு அவர் சொல்லச் சொன்னது ஒன்றுதான். குதிரைக்காரன் வேண்டும், இல்லையென்றால் கடைசி நாள்வரை கூட நிற்கிற இன்னொரு ஆள் வேண்டும். இரண்டும் இல்லை என்றால் டைலர் திரும்பும்போது நீயும் திரும்ப வேண்டும், மான் கண்ணுக்கு முன்னால் நின்றாலும். அதை நீ அவரிடம் உன் வாயால் சொல்ல வேண்டும். இன்றைக்கு அவர் எழுந்ததும் உன்னைக் கூப்பிடுவார். ஆபீசில் இருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதே.

அந்த ஷெரீஃப் நம்பரை அப்பா தன் போனில் ஏற்றிக்கொண்டார். கூடாரம் போடுகிற இடத்தையும் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். அந்தச் சனிக்கிழமைக்கு மில்லில் லீவு சொல்லிவிட்டார். அம்மா எப்போதும்போல மலை ஏறப் போகிறாள். அம்மாவின் போனில் இருந்த நம்பரை நான் அழித்துவிட்டேன். என்மேல் கோபம் வந்தால் பேசாமல் இரு. எத்தனை மாதம் வேண்டுமானாலும் இரு. ஊருக்குத் திரும்பி வந்து, பக்கத்து அறையில் உட்கார்ந்துகொண்டு பேசாமல் இரு.

உன் தங்கச்சி